தளர்ந்த திருகு

மூட்டை தூக்குகிறவருக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது. காவல் நிலையத்து பெஞ்சில் சாய்ந்தால் இன்னும் வலிக்கிறது. எதிரே மேசைமேல், குழல்விளக்கு வெளிச்சத்தில், வேலை விட்டு வரும் வழியில் சோதனையில் சிக்கிய அவருடைய மடக்குக் கத்தி கிடக்கிறது. வழக்கென்று எழுதிவிட்டால் நாளை அவர் வேலை பார்க்கும் கிடங்குக்குள் விடமாட்டார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா கத்தியை ஒரு உதறு உதறுகிறார். சளக்கென்று அலகு வெளியே வந்து விழுகிறது. "தானா திறக்கிற கத்தி கூடாதுன்னு சட்டம். எது தானா திறக்கிறதுன்னு எழுதல. எழுதினவரு நிம்மதியா வீட்டுக்குப் போயிட்டாரு, மாட்டினது நீங்களும் நானும்." "ஒரு கை மூட்டையைப் பிடிச்சிருக்கும் மேடம். இன்னொரு கையாலயே திறந்து கயித்த அறுக்கணும். அதான் திருகைத் தளர்த்தி வச்சேன்." செய்தி கேட்டு ஓடிவந்து நிற்கும் அவர் மனைவி, தையற்காரி, பையிலிருந்து தையல் மெஷின் திருப்புளியை எடுக்கிறாள். "இறுக்கிட்டா ஆகுமா மேடம்?" இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கத்தியை அவள் பக்கம் நகர்த்துகிறார். நூல்பொடி ஒட்டிய விரல்கள் திருகை முடுக்குகின்றன. இன்ஸ்பெக்டர் மறுபடி உதறுகிறார், இன்னும் ஓங்கி உதறுகிறார், அலகு அசையவில்லை. நகம் கொடுத்து இரண்டு கையாலும் இழுத்தால்தான் வருகிறது. "இது வேலைக் கத்திதான். வழக்கு இல்ல. இனிமே கிடங்குலயே வச்சிட்டு வாங்க." மூட்டை தூக்குகிறவர் கத்தியை வாங்கி மடக்குகிறார். காலையில் இதே திருகை இறுக்கச் சொன்னவளிடம், "உன் ஊசியைப் பாரு" என்று எரிந்து விழுந்திருந்தார். அவள் திருப்புளியைப் பைக்குள் போட்டு, "எந்திரிங்க, இடுப்பு பத்திரம்" என்று கை கொடுக்கிறாள். பிடித்துக்கொண்டு எழுகிறார். அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.