வா, வாங்க, வருக

“ஏங்க, விளம்பரத்துல ‘வா’ன்னு கூப்பிடறீங்க, மெயில்ல ‘வாங்க’, வெப்சைட்ல ‘வருக வருக’. ஒரு கடை வாசல்ல மூணு பேர் நின்னு கூவற மாதிரி இருக்கு!” போனில் முதலாளியம்மா பொரிந்து தள்ளினாள்.

விளம்பர எழுத்தாளன் அவசரமாகக் கணினியைத் திறந்தான். நாளைக் காலை ஆன்லைனில் துணிப்பைக் கடை திறப்பு. அவனுக்கோ இதுதான் முதல் வேலை.

“மன்னிச்சிடுங்க மேடம். இப்பவே மாத்திடறேன்.”

“எங்க பேசினாலும் ஒரே ஆள் பேசற மாதிரி இருக்கணும். இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

அடித்துப் பிடித்து எல்லா இடத்திலும் ‘வாங்க’ என்று மாற்றி அனுப்பினான். ஐந்தே நிமிடத்தில் மறுபடி போனில் அவள் குரல் வந்தது: ‘பிரமாதம் சார்! இப்படியே போடுங்க.’

அப்பாடா என்று அவன் நாற்காலியில் சாய்ந்ததுதான் தாமதம், பக்கத்து அறையிலிருந்து அதே குரல் கேட்டது.

“டேய் தடியா! இன்னிக்குப் பாத்திரம் கழுவறது உன் முறைடா!”

“அக்கா! போன்ல ‘சார்’, வீட்டுல ‘தடியா’வா? எங்க பேசினாலும் ஒரே ஆள் பேசற மாதிரி இருக்கணும்னு இப்பதானே சொன்னே?”

அக்கா கதவைத் திறந்து, ரொம்பப் பவ்யமாகத் தலையைக் குனிந்தாள்.

“வாங்க சார். பாத்திரம் கழுவ வாங்க.”