எல்லாருக்கும் அஞ்சு மார்க்

“கூழுக்குப் போயி ஃபர்ஸ்ட் பிரைஸா! உலகத்துல எங்கயாச்சும் நடக்குமா?”

வீட்டுக்குள் வந்ததும் வராததுமாகப் பையைத் தூக்கி நாற்காலியில் போட்டாள் கமலவேணி.

“என்னை ஏன் கேக்குற? மார்க் போட்டது ஜட்ஜுங்க. கம்ப்யூட்டர்ல கூட்டிச் சொன்னது மட்டுந்தான் நான்,” என்றான் கலைச்செல்வன்.

அரியலூரில் மகளிர் சங்கம் நடத்திய சிறுதானிய சமையல் போட்டி. சங்கத்துக் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவன் கையில்தான். அவன் மனைவி செய்தது வரகரிசிப் பொங்கல். கல்லங்குறிச்சி அம்சவள்ளி செய்தது கம்பங்கூழ். முதல் பரிசான கிரைண்டர் கூழுக்குப் போய்விட்டது.

“என் பொங்கலை ஜட்ஜம்மா ரெண்டு தடவ வாங்கிச் சாப்டாங்க. அந்த அம்சவள்ளி வந்து சார் சார்னு பல்லைக் காட்டுனதுல உங்களுக்குக் கூட்டல் மறந்து போச்சா?”

“என்ன பேச்சு பேசுற? இரு, இப்பவே காட்டுறேன்.”

லேப்டாப்பைத் திறந்தான். திறக்காமலே இருந்திருக்கலாம்.

போட்டி முடிந்ததும் சங்கத் தலைவி பெரிய மனசு பண்ணி, “எல்லாருக்கும் அஞ்சு மார்க் சேத்துப் போடுங்க, சந்தோஷமாப் போகட்டும்” என்றிருந்தார். எல்லாருக்கும் சேர்த்தால் யாருக்கு என்ன லாபம் என்று தலைவியிடம் கேட்க முடியுமா? அந்த அஞ்சை எக்செல்லில் மேலே ஒரு கட்டத்தில் அடித்தான். முதல் பெயருக்கு ஃபார்முலா போட்டு, மளமளவென்று கீழே இழுத்துவிட்டான்.

அந்தக் கட்டத்தை டாலர் குறி போட்டுப் பூட்ட மறந்திருந்தான். பூட்டாததால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு படி கீழே இறங்கி, வெறும் கட்டங்களைக் கூட்டிக்கொண்டே போயிருந்தது ஃபார்முலா. அஞ்சு மார்க் கிடைத்தது முதல் பெயருக்கு மட்டும். அகர வரிசையில் முதல் பெயர் அம்சவள்ளி.

சங்கத்தில் அத்தனை பேருக்கும் ‘டாலர் போட மறக்காதீங்க’ என்று பாடம் எடுக்கிற மகராசன் இவன்தான்!

டாலர் போட்டு மறுபடி இழுத்தான். கமலவேணி நாற்பத்தொன்பது. அம்சவள்ளி நாற்பத்தேழு.

இப்போது மாற்றினால், பெண்டாட்டிக்காக மார்க்கைத் திருத்திவிட்டான் என்று ஊரே சிரிக்கும். பாடம் எடுக்கிற மானமும் கூடவே போகும். மாற்றாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

“என்ன, சத்தத்தையே காணோம்?”

“ரெண்டு தடவ பாத்துட்டேன். கணக்கு கரெக்ட்டுதான். நீ செகண்டு.”

லேப்டாப்பை மூடினான்.

கமலவேணியின் முகம் வாடிவிட்டது. “உப்புதான் கூடிப்போச்சு போலருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவனுக்குச் சுருக்கென்றது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கிரைண்டர் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி இறங்கினாள் அம்சவள்ளி.

“அக்கா, இது உங்களுக்கு வர வேண்டியது. போர்டுல ஒட்டுன லிஸ்ட்ட ஃபோன்ல புடிச்சு வச்சிருந்தேன். பஸ்ஸுல உக்காந்து பாத்தா, ஜட்ஜுங்க உங்களுக்குப் போட்டது நாப்பத்தி நாலு, எனக்கு நாப்பத்தி ரெண்டுதான். கூட்டுறப்ப எனக்கு மட்டும் அஞ்சு சேந்திருக்கு. பாதி வழியிலயே எறங்கி ஓடியாரேன்.”

கமலவேணி மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் மூடிய லேப்டாப்பைப் பார்த்தான்.

அம்சவள்ளி பதறிப்போய்க் குறுக்கே வந்தாள்.

“சாரைத் திட்டாதீங்கக்கா. அவருக்கு இன்னும் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா, முதல்ல உங்ககிட்டதான சொல்லியிருப்பாரு!”