முதலில் எந்தத் தெரு?

“நம்ம மைதானத்தைத் தோண்டிப் போட்டாங்களே அந்த இன்ஜினியரம்மா, அவங்க தெருவுல ஒரு கைப்பிடி மண்ணை எடுத்தாங்களா?”

தையல்காரர் கேட்டது மனைவியிடம். ஆனால் தெரு முழுக்க இதே பேச்சுதான்.

ஒவ்வொரு பெருமழைக்கும் அந்தத் தெரு வீடுகளுக்குள் வெள்ளம் புகும். தடுப்புச் சுவர் கட்டித் தரச்சொல்லி எல்லோரும் கேட்டார்கள். நகராட்சி இன்ஜினியரம்மா வந்து பார்த்தார். தெருக்கோடி மைதானத்தின் சிமென்ட் தரையைப் பெயர்த்தார். அகலமாய்ப் பள்ளம் பறித்து, புல்லும் கோரையும் நட்டுவிட்டுப் போனார்.

“சுவர் கேட்டா புல்லு தர்றாங்க. வெள்ளம் வந்து மேஞ்சுட்டுப் போகும்னு நெனச்சாங்க போல.”

“மெதுவா பேசுங்க.”

“ஏன் பேசணும் மெதுவா? சோதிச்சுப் பார்க்க நம்ம தெருதான் கெடைச்சுதா?”

அந்த வார மதியம் ஒன்றில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

இருவரும் தையல் மெஷினைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தார்கள். தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளை மனைவி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மேட்டுப் பக்கமிருந்து செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்தது.

வாசற்படியைத் தொட்டது. அதற்கு மேல் ஏறவில்லை. யாரோ கைப்பிடித்துக் கூட்டிப்போவது போல அப்படியே மைதானத்துக்குள் இறங்கியது.

மைதானம் ஏரியானது. கோரை நுனிகள் மட்டும் காற்றில் ஆடின. மழை விடவேயில்லை, படியில் தண்ணீரும் ஏறவேயில்லை.

“என்னங்க...” மனைவியின் குரல் தாழ்ந்திருந்தது. “மண்ணு குடிக்குதுங்க.”

மழையென்றால் தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கித்தான் தையல்காரருக்குப் பழக்கம். இன்றுதான் முதல்முறையாக நின்று வேடிக்கை பார்த்தார். அக்கம்பக்கத்து வாசல்களிலும் எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் நன்றி சொல்ல இருவரும் இன்ஜினியரம்மா வீட்டைத் தேடிப் போனார்கள்.

அந்தத் தெருவெல்லாம் சேறு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாசலில் நாற்காலிகளைக் கழுவிக்கொண்டிருந்தார் அவர்.

“உங்க வீட்டுக்குள்ளயும் வெள்ளம் வருமாம்மா?” என்றார் தையல்காரர்.

“வருஷா வருஷம் வரும். இங்கயும் ஒரு பள்ளம் எடுக்கணும். இந்த வருஷம் ஒரு தெருவுக்குத்தான் அனுமதி கெடைச்சுது.”

“அப்ப உங்க தெருவையே முதல்ல எடுத்திருக்கலாமேம்மா?”

அவர் நாற்காலியைக் கவிழ்த்து வைத்தார்.

“இங்க தண்ணி வந்தா ஏறி நிக்க எல்லா வீட்டுக்கும் மாடி இருக்குங்க. உங்க தெருவுல ஒரு வீட்டுக்கும் இல்லையே.”