இருமல் இல்லாத பதிவு

"பன்னிரண்டு கச்சேரியிலும் டிரம்பெட் சோலோவுக்கு முன்னாடி அதே இருமல்! ஆல்பமே பாழ்!" என்று பல்லைக் கடித்தார் ஒலிப்பதிவாளர். இன்றுதான் கடைசிப் பதிவு.

முதல் வரிசையில் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்த அம்மாளைப் பிடித்துவிட்டார்.

"அம்மா, நீங்க வெளியே உட்காருங்க."

"நான் இல்லேன்னா கஷ்டமாச்சேப்பா..."

"இருந்தாத்தான் கஷ்டம்!" கதவைச் சாத்தினார்.

ஜாஸ்-ராக் குழு வெளுத்து வாங்கியது. சோலோவுக்கான இடம் வந்தது. இருமல் இல்லை. டிரம்பெட்டும் இல்லை! குழு அதே நாலு வரி இசையையே செக்குமாடாகச் சுற்றிச் சுற்றி வாசித்தது. டிரம்பெட்காரர் கண்மூடிக் காத்திருந்தார்.

சாக்ஸபோன்காரர் மேடையிலிருந்து ஒலிப்பதிவாளர் பக்கம் குனிந்தார். "யோவ், அண்ணி எங்கே?"

"எந்த அண்ணி?"

"டிரம்பெட் அண்ணன் சம்சாரம்! இவருக்கு இருபது வருஷமா தாளம் எண்ண வராது. அண்ணி இருமினாத்தான் ஊதுவார்!"

ஒலிப்பதிவாளர் கதவுக்கு ஓடினார்.

"அம்மா, தாயே! உள்ளே வந்து ஒரே ஒரு தடவை இருமுங்க!"