நாலு ஒன்பதின் பின்பக்கம்

ஒரு மனிதனின் பெயரை ஊர் மறந்துவிடும். அவன் காரின் நம்பரை மறக்காது. புகழேந்தி இதை மனப்பூர்வமாக நம்பினார்.

பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி நின்றிருந்த எஸ்.ஐ. எழிலரசியால் அந்த நம்பரைப் படிக்கவே முடியவில்லை. கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னார்.

நம்பரில் குற்றமில்லை. 9999. முறைப்படி மனுப் போட்டு, அரசாங்கத்துக்குக் கட்டணம் கட்டி, நான்கு மாதம் காத்திருந்து வாங்கியது. ரசீது காரிலேயே இருந்தது, லேமினேட் செய்யப்பட்டு.

குற்றமெல்லாம் பலகையில். பின்னால் அரசாங்கப் பலகை ஒழுங்காக இருந்தது. முன்னால் இருந்தது கருஞ்சிவப்புப் பலகை. செருப்பின் உள்பக்கம் கம்பெனி பெயர் அடிக்கிற மெஷினில் அடித்த தங்க எழுத்து. நான்கு ஒன்பதுகளும் வால் சுருண்டு, ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்துக்கொண்டிருந்தன. அதற்கு மேலே, அதைவிடப் பெரிதாக, ‘புகழ் லெதர்ஸ், ஆம்பூர்’.

பக்கத்து சீட்டில் ஹுமேரா இருந்தார். சென்னையிலிருந்து ஷூ கம்பெனி அனுப்பியவர். தோலைப் பார்த்துச் சரியென்று அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் நாற்பதாயிரம் ஜோடி ஆர்டர். போடாவிட்டால், புகழேந்தியின் தையல் லைனில் உட்காரும் அறுபது பெண்களுக்குத் திங்கட்கிழமையிலிருந்து வேலை இல்லை.

காட்பாடி ஸ்டேஷனில் அவரை ஏற்றிக்கொள்ளும்போதே புகழேந்தி பலகையைக் காட்டியிருந்தார்.

“நம்ம தோலு மேடம். நம்பர் பிளேட்லயே போட்டு ஓட்றேன்னா பாத்துக்கோங்க. வெயிலு, மழை, எதுவும் இத ஒண்ணும் பண்ணாது.”

இரண்டு கையிலும் பை இருந்ததால் ஹுமேரா தொட்டுப் பார்க்கவில்லை.

வேலூர் தாண்டும்வரை புகழேந்தியின் பாடம் நடந்தது. தோலை முன்பக்கம் பார்த்து வாங்குகிறவன் ஏமாளி. திருப்பிப் பார்க்க வேண்டும். நார் தெரிந்தால் தோல், துணி தெரிந்தால் ரெக்சின். ஹுமேராவின் அப்பா வாணியம்பாடியில் முப்பது வருடம் தோல் பதனிட்டவர். ஹுமேரா தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தார்.

“கழட்டுங்க சார்,” என்றார் எழிலரசி. “டிக்கில கவர்மெண்ட் பிளேட் இருக்கும்ல? அத மாட்டிட்டுக் கெளம்புங்க.”

“ஃபைன் போடுங்க மேடம், கட்டிட்றேன்.”

“ஃபைனும் போடுவேன். இதையும் கழட்டணும்.”

புகழேந்தி இறங்கிப் போய்ப் பலகையை மறைத்துக்கொண்டு நின்றார். ரசீதைக் காட்டினார். ரெண்டு மடங்கு ஃபைன் கட்டுவதாகச் சொன்னார். ஆம்பூர் போனதும் தானே கழற்றிவிடுவதாகச் சொன்னார். ஒரு பெரிய அதிகாரியின் பெயரைச் சொன்னார். அந்த அதிகாரி மாற்றலாகிப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கடைசியில், ஸ்க்ரூ டிரைவர் இல்லை என்றார்.

ஏட்டு வேலு ஜீப்பிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார்.

“இன்னா சார், ஒரு அட்டைக்குப் போயி இவ்ளோ பேஜார் பண்றீங்க?”

“அட்டை இல்லப்பா. லெதர்.”

காட்பாடியில் ‘நம்ம தோலு’ என்று சொன்ன குரல் இல்லை அது.

மனுஷன் தன் தொழில்மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்கிறாரே என்று ஹுமேராவுக்கே இரக்கமாகிவிட்டது. அவரும் இறங்கி வந்தார்.

“விடுங்க சார். நான் மடியில பத்திரமா வெச்சிக்கிறேன். ஆபீஸ்ல இதையே சாம்பிளா காட்டலாம்.”

புகழேந்திக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

முதல் ஸ்க்ரூ வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது துருப்பிடித்து அசையாமல் நின்றது. “அது வராதுப்பா, விட்ரு,” என்றார் புகழேந்தி, கிட்டத்தட்ட சந்தோஷமாக. வேலு முட்டி போட்டு உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருகு திருகினார். வந்தது. நான்காவது விரலுக்கே வந்துவிட்டது.

பலகை இரண்டு அடுக்கு. ஒட்டியிருக்கவில்லை. அலுமினியத் தகடு வேலுவின் கையிலும், தங்க ஒன்பதுகள் ஹுமேராவின் கையிலுமாகத் தனித்தனியே வந்தன.

ஹுமேரா கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். விரல் நின்றது. பிறகு, வழியெல்லாம் புகழேந்தி சொல்லிக்கொடுத்தபடியே, திருப்பினார்.

வெள்ளைத் துணி.

பெங்களூர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“சார்?” என்றார் ஹுமேரா. அதில் கோபம் இல்லை. ஏதாவது காரணம் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன் என்பதுபோல்தான் இருந்தது.

காரணம் இருந்தது. உண்மையான காரணம். சொன்னால் ஹுமேரா நம்பியிருப்பார். தோல்காரர் மகள், சிரித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டிருப்பார்.

புகழேந்தி எழிலரசியைப் பார்த்தார். வேலுவைப் பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்து நின்ற வேர்க்கடலைக்காரரைப் பார்த்தார். லேமினேட் செய்த ரசீதை மெதுவாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அதெல்லாம் கம்பெனில போய்ப் பேசிக்கலாம் மேடம்,” என்றார்.

ஹுமேரா ரெக்சினை நான்காக மடித்து அவரிடமே கொடுத்தார். கம்பெனி வரைக்கும் வேண்டாம், ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டால் போதும் என்றார்.

முதலில் மாட்டிய பலகை அசல் தோல்தான். மூன்றாம் நாள் அதைத் தெருநாய் தின்றுவிட்டது.