பத்மஜா வீட்டு ரியோ

பார்க்கிங்கில் பத்மஜாவின் கார் நின்றிருந்தது. அதன் முன்னால் கல்பகம் வெறுங்கையோடு நின்றிருந்தாள்.

லிஃப்டிலிருந்து வெளியே வந்த ஜெகநாதன் மனைவியைக் கூப்பிடவில்லை. தூண் ஓரமாக நின்றுகொண்டார்.

காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு வரும் முதல் வெள்ளிக்கிழமை.

போன வருடம் மகன் தினேஷ் அமெரிக்காவிலிருந்து போன் செய்து, கார் வாங்கிவிட்டேன் என்றான். என்ன கார் என்று கல்பகம் கேட்டாள். ரியோ என்றான். செகண்ட் ஹேண்ட், ஆனால் நல்ல வண்டி.

பூஜை போட்டாயா என்று கேட்டாள். இந்த ஊரில் ரோட்டில் எலுமிச்சம்பழம் நசுக்கினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்றான். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எதிர் ஃபிளாட் பத்மஜாவும் புதுக் கார் வாங்கினாள். பின்கதவில் ஸ்டெப்னி மாட்டிய உயரமான வண்டி. கல்பகம் கீழே போய் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். பின்னால் ரியோ என்று எழுதியிருந்தது.

மறுநாளே பத்மஜாவிடம் தெலுங்கில் அனுமதி கேட்டாள். என் பிள்ளையின் வண்டியும் இதுதான், அங்கே செய்ய ஆளில்லை, வெள்ளிக்கிழமை மட்டும் இதற்குச் சுற்றிப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். தாராளமாகச் செய்யுங்கள் ஆன்ட்டி, உங்கள் பிள்ளை புண்ணியத்தில் என் வண்டியும் பிழைத்துப் போகட்டும் என்று பத்மஜா சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கல்பகம் கீழே வருவாள். முன்பக்கம் குங்குமம் வைப்பாள். கற்பூரம் காட்டிச் சுற்றுவாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஆபீஸ் கிளம்பும் பத்மஜா அதன்மேல் ஏற்றி நசுக்கிவிட்டுப் போவாள். சில வாரங்களில் பத்மஜாவே இன்டர்காமில் கூப்பிட்டு, ஆன்ட்டி, டைம் ஆகிறது, நம் ரியோவுக்கு எலுமிச்சம்பழம் எங்கே என்று கேட்பாள்.

தினேஷிடமும் சொன்னாள். அங்கேயும் ரியோ வந்துவிட்டதா என்று ஆச்சரியப்பட்டான். ராமச்சந்திராபுரம் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளை. வேண்டாம் என்பதற்கு நக்கோ என்னும் அந்த ஊர்ப் பேச்சிலேயே, “டென்ஷன் நக்கோம்மா, என் வண்டிக்கு இப்ப டபுள் இன்ஷூரன்ஸ்” என்றான்.

ஒரே ஒரு வெள்ளிக்கிழமை தவறிப்போனது.

அன்றைக்கு பத்மஜா குடும்பத்தோடு விடிவதற்கு முன்பே யாதகிரிகுட்டா கோயிலுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். கல்பகம் தட்டோடு கீழே வந்து பார்த்தபோது இடம் காலியாக இருந்தது. நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்று எலுமிச்சம்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தாள்.

அன்றிரவு அமெரிக்காவில் பனி பெய்து ரோடு உறைந்திருந்தது. தினேஷின் வண்டிக்கு எதிரில் லாரி.

துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் கல்பகம் அதையே சொன்னாள். அன்னிக்கு விட்டுட்டேன். நான்தான் விட்டுட்டேன். பத்மஜாவும் வந்து அவள் காலடியில் உட்கார்ந்து, நான் முந்தின நாளே சொல்லிவிட்டாவது போயிருக்கலாம் ஆன்ட்டி என்று அழுதாள். இரண்டு பெண்களும் ஒரே பாரத்தைப் பிடித்துக்கொண்டு அழுததை ஜெகநாதன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பாரம் இறங்கிவிடும்.

இது அந்த வண்டி இல்லை.

இது பூனாக்காரர்கள் செய்தது. தினேஷ் ஓட்டியது கொரியாக்காரர்களின் வண்டி. இரண்டு கம்பெனிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆளுக்கொரு பக்கம் ஒரே பெயரை வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

சொன்னால் தவறிப்போன அந்த ஒரு வெள்ளிக்கிழமை இல்லாமல் போகும். ஆனால் தவறாமல் செய்த எல்லா வெள்ளிக்கிழமையும் அதோடு சேர்ந்து இல்லாமல் போகும். இதைத்தான் அவர் இத்தனை நாளாக வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

கல்பகம் குனிந்து காரின் முன்பக்கத்தில் காய்ந்திருந்த பழைய குங்குமத்தை விரலால் தொட்டாள். பிறகு அந்தக் கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஒருமுறை. இன்னொரு முறை.

ஜெகநாதன் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார்.

சொல்லிவிட்டார். மெதுவாக, ஒவ்வொன்றாக. கம்பெனி வேறு, வண்டி வேறு, பெயர் மட்டும்தான் ஒன்று. நீ எதையும் விடவில்லை கல்பகம் என்றார்.

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. மேல்தளத்துப் பார்க்கிங்கில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை. பிறகு கிளம்பிப் போனது. சத்தம் முழுவதும் அடங்கியது.

“அப்போ அவன் வண்டிக்கு நான் ஒண்ணுமே பண்ணலையா?”



அவள் அழவில்லை. பத்மஜாவின் காரைத் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். குங்குமம் ஒட்டிய விரலைப் புடவையில் துடைக்காமல் அப்படியே நீட்டிப் பிடித்திருந்தாள்.

“அவனோடது முன்பக்கம் எப்படிங்க இருக்கும்?”

 

அந்த வண்டியை ஜெகநாதன் பார்த்தது ஒரே ஒரு படத்தில். தினேஷின் அறைத்தோழன் சாய்கிருஷ்ணா விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸுக்காக எடுத்து அனுப்பியது. ரியோ என்ற எழுத்தும் கொரியாக்காரர்களின் முத்திரையும் அதில் தெளிவாகத் தெரிந்தன. பின்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

முன்பக்கம் என்று அந்தப் படத்தில் எதுவும் இல்லை.