ஏழாவது ஆரோக்கியன்

நோயாளிகளின் ரத்தம் மருத்துவமனையிலிருந்து வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். அதற்கு ஆய்வக மாணவர்கள்தான் கை நீட்டுவது வழக்கம். எட்டுப் பேர் கொடுத்தோம். குப்பிகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். புரதங்களை உடைத்து, துண்டுகளை எடைபோட்டு இனம் சொல்லும் இயந்திரம், கணையப் புற்றுநோய்க்காரர்களிடம் மட்டும் கூடியிருந்த ஒரு புரதத்தை ஏழாம் எண்ணிலும் காட்டியது. எங்கள் வழிகாட்டி சிவநேசனிடம் போனேன்.

"குப்பி மாறியிருக்கும்பா."

"புதுசா எடுத்து மூணு தடவ ஓட்டிட்டேன் சார்."

"அப்ப ஏழத் தூக்கிடு. ஒரு ஆளால கட்டுரையே கெட்டுரும்."

"அது நான்தான் சார்."

கண்ணாடியைக் கழற்றி என்னை உண்மையான வருத்தத்தோடு பார்த்தார்.

"அடப்பாவி, இப்ப போய்ச் சொல்றியே. வெறும் ஏழு பேர வெச்சு அனுப்புனா எவன்டா ஏத்துப்பான்? அந்தப் பக்கத்து லேப் அல்போன்ஸக் கூப்பிடு. எட்டுப் பரோட்டா தின்னுட்டுத் திரியுறான், அவனுக்கு ஒண்ணும் இருக்காது."

சிவநேசன் பட்டியலில் ஏழாம் வரிசையை அழித்து, அதே இடத்தில் புது ஏழு என்று எழுதினார். அல்போன்ஸ் சட்டைக் கையை மடித்தபடியே வந்து உட்கார்ந்தான்.

"வலிக்குமாடா?"

எனக்கு இதுவரை எதுவுமே வலிக்கவில்லை என்றேன்.